பேரீச்சை என்று சொல்லி நட்ட 12 மரம்: இது எந்த ஈச்சை?

கணுவாய் வாசி:

வணக்கமுங்க. மரம் தெரிந்தவர்கள் யாராவது ஒரு பஞ்சாயத்தைத் தீர்த்து வைக்க வேண்டும்.

எங்கள் குடியிருப்பு கோயம்புத்தூருக்கு வடமேற்கே, கணுவாய் தாண்டி மலையடிவாரத்தில் இருக்கிறது. மொத்தம் 64 வீடு. போன ஆவணியில் கேட்டிலிருந்து பிள்ளையார் கோவில் வரை, ரோட்டின் இரண்டு பக்கமும் ஆறாறாகப் பன்னிரண்டு மரம் நட்டோம். கொட்டேஷனில் 'டேட் பாம் – 12' என்று இருந்தது. மரம் ஒன்று 18,000 ரூபாய். லாரி, கிரேன் எல்லாம் தனி. ஆந்திராவிலிருந்து வந்த மரங்கள். வரும்போதே பத்தடி தண்டு இருந்தது, மட்டையெல்லாம் கூட்டிக் கட்டி சாக்குச் சுற்றியிருந்தார்கள்.

அப்போது சங்கத்துக்குப் பொருளாளர் நான். அதனால் இப்போது எல்லாருக்கும் பதில் சொல்லும் ஆளும் நான். விஷயம் இதுதான்: இங்கே ஒரு பெரியவர் துபாயில் மகன் வீட்டில் மூன்று மாதம் இருந்துவிட்டு வந்தார். வந்த அன்று சாயங்காலம் வாக்கிங் போனவர், மரத்தை அண்ணாந்து பார்த்துவிட்டு, "தம்பி, இது பேரீச்சை இல்ல. நம்ம ஏரிக்கரை ஈச்ச மரம். இதுக்கா ரெண்டு லட்சம் குடுத்தீங்க?" என்று கேட்டுவிட்டார். கூட நாலு பேர் இருந்தார்கள். அவ்வளவுதான், அடுத்த கூட்டத்தில் அதுவே முதல் பேச்சு.

மரம் கொடுத்தவரைக் கேட்டால், "அதுவும் டேட் பாம்தான் சார், இதுவும் டேட் பாம்தான். மண் பிடிக்கட்டும், நாலு வருஷத்தில் பழம் பறிப்பீங்க" என்கிறார். இதுவரை பூ இல்லை, காய் இல்லை. காய்க்காத மரத்தை வைத்துக்கொண்டு எது என்று எப்படிக் கண்டுபிடிப்பது?

படம் ஏற்றிப் பார்த்தேன், ஏறவில்லை. வாயால் சொல்கிறேன். ஒற்றைத் தண்டு. உச்சியில் உருண்டையாக, அடர்த்தியாக மட்டைகள். நிறம் முழுப் பச்சை இல்லை, சாம்பல் பூசினது மாதிரி. மட்டையின் அடியில் முள், தோட்டக்காரர் கையை இரண்டு முறை கிழித்துவிட்டது. கழுத்துப் பகுதி செதுக்கின மாதிரி, அன்னாசிப் பழம் போல இருக்கிறது.

இது போக, கேட் ஓரம் இடுப்பளவு உயரத்தில் இரண்டு குட்டி மரம் உண்டு. ஓலை மெத்தென்று இருக்கும். காம்பவுண்டுக்குப் பின்னால் மலைச்சரிவில் தானாக முளைத்த குள்ளமான முள் மரங்களும் நிற்கின்றன, அதில் சீமாறு கட்டுவார்கள். இதெல்லாம் ஒரே சாதியா?

பச்சைவிரல்:

அன்னாசி மாதிரி கழுத்து, அடர்த்தியான உருண்டைத் தலை, ஒற்றைத் தண்டு. சந்தேகமே வேண்டாம், கேனரித் தீவுப் பேரீச்சை. வெளிநாட்டில் பெரிய ஹோட்டல் வாசலில் எல்லாம் இதுதான் நிற்கும். 18,000 ரூபாய்க்குக் கிடைத்தது அதிர்ஷ்டம். பெரியவரிடம் போய்ச் சொல்லுங்கள்.

அல்அய்ன் தோட்டக்காரன்:

அவசரப்பட்டுப் பெரியவரிடம் எதுவும் சொல்ல வேண்டாம். அவர் சொல்வதுதான் சரி என்று எனக்குப் படுகிறது.

நான் 23 வருஷமாக அமீரகத்தில், அல்அய்னில் தோட்ட வேலை பார்க்கிறேன். சொந்த ஊர் பட்டுக்கோட்டைப் பக்கம். தென்னந்தோப்புக்குள்ளேயே வளர்ந்தவன், எனக்குத் தெரியாத மட்டையா என்ற திமிரோடுதான் விமானம் ஏறினேன். வந்த முதல் வாரம் ஒரு பண்ணைவீட்டில் மரத்தடியைச் சுத்தம் செய்யச் சொன்னார்கள். ஒவ்வொரு மரத்தின் தூரிலும் நாலைந்து முளை முட்டிக்கொண்டு நின்றது. தென்னையில் இப்படிப் பார்த்ததே இல்லை. களை என்று நினைத்து, மத்தியானத்துக்குள் நாற்பது முளையை வெட்டிக் குவித்துவிட்டேன். வந்து பார்த்த அரபுக்காரர் கத்தவில்லை. தலையில் கை வைத்துக்கொண்டு திண்ணையில் உட்கார்ந்துவிட்டார். அது கத்தினதைவிட மோசம்.

அந்த முளைதான் பேரீச்சையின் சொத்து. கலாஸ், பர்ஹி, மெட்ஜூல் என்று பெயர் சொல்லி விற்கிற ரகங்களில், தாய்மரத்தின் அதே பழம் வேண்டுமென்றால் பக்கக் கன்றைப் பெயர்த்துத்தான் நட வேண்டும், இல்லையென்றால் திசு வளர்ப்புக் கன்று. கொட்டை போட்டால் பாதிக்குப் பாதி ஆண் மரமாகப் போய்விடும், மிச்சத்திலும் என்ன பழம் வரும் என்று யாரும் சொல்ல முடியாது. நாற்பது கன்றுக்கு என் சம்பளத்தில் பிடிக்காமல் விட்டது அந்த மனுஷரின் நல்ல மனசு.

அதனால் எனக்கு இன்றுவரை பழக்கம், எந்த ஈச்சையைப் பார்த்தாலும் தலையைப் பார்க்கமாட்டேன், தூரைப் பார்ப்பேன். பேரீச்சை தூரில் கன்று விடும். ஏரிக்கரை ஈச்சை, அதாவது நம் ஊர்க் காட்டு ஈச்சை, அநேகமாக விடாது. ஒற்றை ஆளாகவே நிற்கும். கேனரியும் ஒற்றைதான். விற்பவர்கள் கன்றை எடுத்துவிட்டுத்தான் மரத்தை ஏற்றுவார்கள், அதனால் கன்று இல்லை என்பதை மட்டும் வைத்து முடிவு கட்ட முடியாது. ஆனால் கன்று வெட்டிய இடத்தில் உள்ளங்கை அகலத்துக்குத் தழும்பு இருக்கும். மண்ணைக் கொஞ்சம் விலக்கிப் பாருங்கள். தழும்புக்குப் பதிலாகச் சின்னச் சின்ன வேர்கள் கூட்டமாகப் புடைத்துக்கொண்டு, மரம் ஒரு மேட்டின்மேல் உட்கார்ந்த மாதிரி இருந்தால் அது காட்டு ஈச்சையின் பழக்கம்.

அப்புறம் அந்த அன்னாசிக் கழுத்து. பச்சைவிரல் சொன்னது தப்பில்லை, கேனரிக்கு அது அடையாளம்தான். ஆனால் அது மரம் தானாகப் போட்டுக்கொள்ளும் நகை இல்லை, கத்தி செய்கிற வேலை. பழைய மட்டையை அடியோடு வெட்டாமல், காம்பை ஒரு சாண் விட்டுச் சீராகச் செதுக்கிக்கொண்டே போனால் எந்த ஈச்சைக்கும் அந்தக் கழுத்து வந்துவிடும். நானே நூறு மரத்துக்குச் செய்திருக்கிறேன். கேனரியை வேறு இரண்டு விஷயத்தில் பிடிக்கலாம். ஒன்று தண்டின் பருமன். பெரிய மரத்தை ஒரு ஆள் கட்டிப்பிடித்தால் கை எட்டாது. இன்னொன்று நிறம். அது நல்ல கரும்பச்சை, சாம்பல் பூச்சு இருக்காது. மட்டை உதிர்ந்த வடுவும் உயரம் குறைந்து, குறுக்கே அகலமாக, மூடின வாய் மாதிரி இருக்கும். நீங்கள் சாம்பல் நிறம் என்று எழுதியதுமே கேனரி அடிபட்டுவிட்டது.

மிச்சம் இருப்பது பேரீச்சையும் காட்டு ஈச்சையும். இரண்டுக்கும் சாம்பல் பூச்சு உண்டு, அங்கேதான் எல்லாரும் ஏமாறுகிறார்கள். ஒரு மட்டையை மட்டும் தனியாகப் பாருங்கள். பேரீச்சை மட்டை விறைப்பாக நிற்கும், ஓலைகளும் ஓரளவு ஒழுங்காக இரண்டு பக்கமும் போகும். வாள் மாதிரி என்று வைத்துக்கொள்ளுங்கள். காட்டு ஈச்சையில் ஓலைகள் கொத்துக் கொத்தாகக் கிளம்பி மேலே, கீழே, பக்கவாட்டில் என்று கலைந்து நிற்கும், மட்டையே நரிவால் மாதிரி புசுபுசுவென்று தெரியும். தலையும் அப்படித்தான். பேரீச்சையின் கீழே நின்று அண்ணாந்து பார்த்தால் வானம் தெரியும். வளர்ந்த காட்டு ஈச்சையில் தெரியாது, பந்து மாதிரி நிறைந்திருக்கும். நீங்கள் 'உருண்டையாக, அடர்த்தியாக' என்று எழுதியிருக்கிறீர்கள்.

கேட் ஓரத்துக் குட்டி மரம் குள்ள ஈச்சை. நர்சரியில் ரோபெலினி என்பார்கள், சிலர் வெறுமனே பீனிக்ஸ் என்பார்கள். லாவோஸ், வியட்நாம் பக்கம் மீகாங் ஆற்றங்கரை மரம். இரண்டு மூன்று ஆள் உயரத்துக்கு மேல் போகாது. பல நேரம் ஒரே தொட்டியில் மூன்று கன்றைச் சேர்த்து நட்டுத் தூர் கட்டினது போல விற்பார்கள், உங்களுடையதையும் எண்ணிப் பாருங்கள். ஓலை மெத்தென்று இருக்கிறதே என்று குழந்தைகளை விட்டுவிடாதீர்கள், அடிமட்டையில் அதற்கும் ஊசி முள் உண்டு.

எல்லாம் ஒரே சாதியா என்று கேட்டீர்கள். ஆமாம். தாவரவியலில் பீனிக்ஸ் என்கிற ஒரே பேரினம்தான், உலகம் முழுக்கப் பதினாலு இனம் வரை சொல்கிறார்கள். அடையாளம் சுலபம். தென்னை ஓலையின் குறுக்குவெட்டு கூரை மாதிரி இருக்கும், தண்ணீர் இரண்டு பக்கமும் வழிந்துவிடும். ஈச்சையில் அது தலைகீழ், வாய்க்கால் மாதிரி நடுவில் குழிந்திருக்கும். கீழ் ஓலைகளே முள்ளாக மாறியிருக்கும். இந்த இரண்டும் இருந்தால் அது ஈச்சைக் குடும்பம், அதில் எந்தப் பிள்ளை என்பதுதான் கேள்வி.

இன்னும் ஒரு வேலை மிச்சம் இருக்கிறது. தண்டில் மட்டைக்காம்புகளுக்கு நடுவே பை மாதிரி இடுக்கு இருக்கும். பழைய குலையில் உதிர்ந்த கொட்டைகள் வருஷக்கணக்காக அங்கே சிக்கிக் கிடக்கும். இடுக்கி விட்டுத் துழாவுங்கள், வெறும் கையை விடாதீர்கள். தேள் இருக்கும், அதைவிட முள் இருக்கும். என் வலது நடுவிரல் மூட்டில் ஒருமுறை முள் நுனி ஒடிந்து தங்கிவிட்டது. வெளியே ஒரு புள்ளிகூடத் தெரியவில்லை, ஆறு வாரம் விரல் மடங்கவில்லை. டாக்டர் கீறி எடுத்தது ஒரு எள் அளவு கறுப்பு.

கொட்டை கிடைத்தால், கடையில் வாங்கின பேரீச்சம்பழக் கொட்டையைப் பக்கத்தில் வைத்துப் பாருங்கள். அது நீளமாக, முனை கூராக இருக்கும். காட்டு ஈச்சைக் கொட்டை குட்டையாக, இரண்டு முனையும் மழுங்கி இருக்கும். பன்னிரண்டு மரத்தையும் பாருங்கள், ஒன்றைப் பார்த்துவிட்டு எல்லாவற்றுக்கும் தீர்ப்பு எழுத வேண்டாம்.

ஒலவக்கோட்டுக்காரி:

குறுக்கே பேசுவதற்கு மன்னிக்கவும். கணுவாயிலிருந்து பாலக்காடு எட்டும் தூரம் என்பதால் ஒரு எச்சரிக்கை. எங்கள் பக்கம் மலையாளத்தில் ஈந்தப்பனை என்றால் பேரீச்சை, வெறும் ஈந்து என்றால் அது பனைக் குடும்பமே இல்லாத சைகஸ். நான் ஒரு நர்சரியில் ஈந்து கேட்டு, வேறு எதையோ ஆட்டோவில் ஏற்றிக்கொண்டு வந்து நின்றேன். வீட்டில் இன்னும் அதைச் சொல்லிச் சிரிக்கிறார்கள். பெயரை நம்பி மரம் வாங்கக் கூடாது என்பதற்கு நானும் ஒரு சாட்சி.

கணுவாய் வாசி:

அல்அய்ன் அண்ணா, ரொம்ப நன்றி. இன்றைக்கு ஞாயிற்றுக்கிழமை, காலையிலேயே இடுக்கி, டார்ச், ஏணி சகிதம் இறங்கிவிட்டோம். பெரியவரும் நாற்காலி போட்டு உட்கார்ந்துவிட்டார். வெயில் ஏறிவிட்டதால் முதல் நாலு மரம்தான் பார்க்க முடிந்தது.

தூரில் தழும்பு எதுவும் இல்லை. நீங்கள் சொன்ன வேர் மேடு இரண்டு மரத்தில் தெளிவாகத் தெரிகிறது, மண்ணுக்கு மேலே ஒரு முழம் புடைப்பு. ஓலை நரிவால்தான், அதில் சந்தேகம் இல்லை.

கொட்டை மூன்று கிடைத்தது. அதற்குள் ஒரு பல்லி முட்டையும் ஒரு பீடித் துண்டும் கிடைத்தன. கொட்டை என் சுண்டுவிரல் நகத்தைவிடக் கொஞ்சம் பெரிசு, உருண்டையாக இருக்கிறது. பெரியவர் உள்ளே போய் மகன் கொடுத்தனுப்பின டப்பாவைத் திறந்து, ஒரு பேரீச்சம்பழத்தைச் சாப்பிட்டுவிட்டுக் கொட்டையைக் கொண்டு வந்து பக்கத்தில் வைத்தார். பார்த்ததும் தெரிந்துவிட்டது. அது இதைப் போல ஒன்றரை மடங்கு நீளம்.

ஆனால் ஒன்று புரியவில்லை. தண்டு நேராக இல்லை. மேலே போகப் போக ஒரு பக்கம் பள்ளம், அதற்கு மேலே எதிர்ப்பக்கம் பள்ளம், மறுபடி இந்தப் பக்கம். ஏணிப்படி மாதிரி மாறி மாறி வருகிறது. பள்ளம் ஒவ்வொன்றும் நாலு விரல் ஆழம் இருக்கும். ஏதாவது நோயா? லாரியில் அடிபட்டதா? சாக்குச் சுற்றியிருந்ததால் இறக்கும்போது கவனிக்கவில்லை. இதைச் சொல்லிப் பணத்தைத் திருப்பிக் கேட்கலாமா?

அல்அய்ன் தோட்டக்காரன்:

தம்பி, பஞ்சாயத்து முடிந்தது. அது நோயும் இல்லை, அடியும் இல்லை. அந்த மரம் ஊரில் உழைத்த மரம்.

என்னோடு எட்டு வருஷம் அறையில் இருந்தவர் வங்கதேசத்தில் யசோர் மாவட்டத்துக்காரர். அங்கே ஈச்சம் வெல்லம் பேர் போனது. அவருடைய அப்பா மரம் சீவுகிறவர். இங்கே வந்த புதிதில் அவர் பேரீச்சைத் தண்டைத் தடவிப் பார்த்து, "இத்தனை மரம், ஒன்றில்கூட வெட்டு இல்லையே" என்று ஆச்சரியப்படுவார். நமக்குப் பனையில் பாளையைச் சீவித்தான் பழக்கம். ஈச்சையில் பாளையைத் தொடுவதில்லை, தண்டையே சீவுவார்கள். குளிர்காலம் தொடங்கும்போது கழுத்தில் ஒரு பக்கத்து மட்டைகளைக் கழித்து, உள்ளே இருக்கும் வெள்ளைச் சதை தெரியும்வரை வழித்து, ஆறவிட்டு, அப்புறம் மெல்லிசாகச் சீவி ஒரு மூங்கில் குழாயைச் செருகிக் கலயம் கட்டுவார்கள். சாயங்காலம் கட்டினால் விடியும் முன் இறக்கிவிட வேண்டும். வெயில் பட்டால் புளிக்கத் தொடங்கிவிடும். சாற்றை அன்றே காய்ச்சினால் வெல்லம். நம் பக்கத்து ஆந்திரா, தெலங்கானாவில் அதே சாறு புளித்து ஈத்தக் கள்ளாகும்.

மறு வருஷம் மரம் கொஞ்சம் வளர்ந்திருக்கும். அப்போது எதிர்ப்பக்கத்தைச் சீவுவார்கள், ஒரே பக்கம் சீவினால் மரம் தாங்காது. அதனால்தான் இந்தப் பக்கம் ஒன்று, அந்தப் பக்கம் ஒன்று. ஒரு பள்ளம் ஒரு பருவம். எண்ணிப் பாருங்கள், அது எத்தனை வருஷம் கறந்த மரம் என்று தெரிந்துவிடும். சீவத் தொடங்கும்போதே மரத்துக்கு ஐந்தாறு வயது ஆகியிருக்கும், அதையும் கூட்டிக்கொள்ளுங்கள்.

பேரீச்சையையும் சீவுகிற ஊர் உண்டு. துனீசியாவில் அந்தச் சாற்றை லெக்மி என்பார்கள். கேனரித் தீவுகளில் லா கொமேரா என்ற தீவில் கேனரி மரத்தில் இறக்கிய சாற்றைக் காய்ச்சிப் பாகு எடுக்கிறார்கள். ஆனால் ஆந்திராவிலிருந்து லாரியில் வந்த மரத்தில் மாறி மாறிப் பள்ளம் இருந்தால், அது காட்டு ஈச்சைதான் என்று கண்ணை மூடிக்கொண்டு சொல்லலாம். யாரோ ஒருவர் வயல் வரப்பில் நின்ற மரத்தை விற்றிருக்கிறார்.

பணம் திருப்பிக் கேட்பது உங்கள் பாடு. அவர் கொட்டேஷனில் 'டேட் பாம்' என்று எழுதியிருக்கிறார். காட்டு ஈச்சையை ஆங்கிலத்தில் 'வைல்டு டேட் பாம்' என்பார்கள், 'சில்வர் டேட் பாம்' என்றும் சொல்வார்கள். வார்த்தையில் தப்பிவிடுவார். ஆனால் நாலு வருஷத்தில் பழம் என்று வாயால் சொன்னது பொய். பழம் வரும், பெருவிரல் நுனி அளவுக்கு, ஆரஞ்சு நிறத்தில், கொட்டை போகச் சதை ஒரு கீறல் இருக்கும். அதுவும் பெண் மரமாக இருந்தால். இந்தக் குடும்பத்தில் ஆண் வேறு, பெண் வேறு. சாற்றுக்கு இரண்டையும் சீவுவார்கள், அதனால் பள்ளத்தை வைத்து அதைச் சொல்ல முடியாது. மூன்று கொட்டை கிடைத்த மரம் மட்டும் பெண்ணாக இருக்க வாய்ப்பு.

ஒன்று சொல்லட்டுமா? உங்கள் இடத்துக்கு இதுதான் நல்ல மரம். பேரீச்சைக்குப் பழம் முற்றும்போது மழையே கூடாது. குஜராத்தில் கட்ச் பக்கம்கூட மழைக்கு முன்னால், ஆனியிலேயே செங்காயாக அறுத்துவிடுகிறார்கள். இங்கே அல்அய்ன் சோலையில் ஒரு லட்சத்துக்கும் மேல் பேரீச்சை நிற்கிறது, ஃபலஜ் என்ற பழைய வாய்க்காலில் முறை வைத்துத் தண்ணீர் பாய்கிறது, மேலே மட்டும் வானம் காய்ந்துகிடக்கும். அந்தச் சுகம் கணுவாயில் கிடைக்குமா? காட்டு ஈச்சை நம் மழையிலேயே பிறந்து வளர்ந்தது.

ஆனால் ஒரு பயம் இருக்கிறது. பழைய பள்ளமும் புதுச் செதுக்கலும் சிவப்புக் கூன்வண்டுக்கு விருந்து. தென்னைக்கு வருகிற அதே வண்டுதான். 1980களின் நடுவில் இந்த வளைகுடாப் பக்கம் வந்து சேர்ந்தது, மத்தியதரைக் கடல் ஓரத்துக் கேனரி மரங்களை மொட்டையடித்ததும் அதுதான். தண்டில் சின்ன ஓட்டை, அதில் செம்பழுப்பாக ஒழுகல், மென்று துப்பின நார், புளித்த வாடை, இதில் எது தெரிந்தாலும் உடனே கவனியுங்கள். கழுத்தை அழகு பார்க்கிறேன் என்று இனிமேல் செதுக்க வேண்டாம்.

மட்டக்களப்பு வெயில்:

அண்ணை எழுதினதை வாசிக்க எங்கட ஊர் ஞாபகம் வந்திட்டுது. மலைச்சரிவில் நிக்கிற குள்ள முள் மரத்தைப் பற்றி ஒருத்தரும் சொல்லவில்லை, அதைப் பற்றி நான் கொஞ்சம் சொல்கிறேன்.

இலங்கையில் ஈச்சை என்றால் எங்களுக்குக் குள்ள மரம்தான். கடற்கரை மணலிலும் பற்றைக் காட்டிலும் நிற்கும். பழம் முதலில் சிவந்து, பிறகு நல்லாக் கறுக்கும், நாவல் பழம் மாதிரி நாக்கில் சாயம் பிடிக்கும். பெடியளாக இருந்த காலத்தில் குலையை வெட்டி வைக்கோலுக்குள் பொத்தி வைத்துவிட்டு, விடிய எழும்பி யார் முதலில் பார்ப்பது என்று சண்டை பிடிப்போம். பழைய புத்தகங்களில் இதைப் பீனிக்ஸ் சைலானிகா என்று தனி இனமாக வைத்திருந்தார்கள். 1998இல் கியூ தாவரவியல் பூங்காவின் சாஷா பாரோ இந்தப் பேரினம் முழுவதையும் ஆராய்ந்தபோது அதைப் பீனிக்ஸ் புசில்லாவோடு சேர்த்துவிட்டார். தமிழ்நாட்டுக் கரையோரங்களில் நிற்பதும் அதுவே.

ஆனால் கோயம்புத்தூர் மலையடிவாரத்தில் நிற்பது அதுவாக இருக்காது. சீமாறு கட்டுகிறார்கள் என்றபடியால், அது மலை ஈச்சை, பீனிக்ஸ் லூரேரி என்றுதான் நினைக்கிறேன். நீலகிரி, ஆனைகட்டிப் பக்கத்துப் பழங்குடி மக்கள் விளக்குமாற்றுக்கு அறுப்பது அந்த மரத்தைத்தான். இரண்டையும் பக்கத்தில் வைத்தால் எனக்கே குழப்பம் வரும். நிற்கிற இடத்தைப் பார்த்துத்தான் முதலில் பிரிப்பேன், கடலோர மணலா, மலைச்சரிவா என்று. நர்சரியில் தொட்டியில் வைத்துக் காட்டினால் நானும் முழிப்பேன். பக்கத்தில் பக்கத்தில் வளர்த்தால் ஒன்றோடு ஒன்று கலந்தும் விடும், அதனால் கொட்டையிலிருந்து வளர்த்த நர்சரிக் கன்றுக்குப் பெயர் வைக்கிறபோது நான் கொஞ்சம் தயங்குவேன்.

பச்சைவிரல்:

கேனரி என்று சொன்னதை வாபஸ் வாங்கிக்கொள்கிறேன். அன்னாசிக் கழுத்தில் விழுந்துவிட்டேன். எங்கள் தெருமுனை அபார்ட்மென்ட் வாசலில் ஆறு மாதமாகக் 'கேனரி' பார்த்துக்கொண்டிருந்தேன். நேற்று போய்ப் பார்த்தால் அதிலும் மாறி மாறிப் பள்ளம். ஒன்பது.

கணுவாய் வாசி:

கூட்டம் முடிந்தது. விற்றவர் வரவில்லை, போனில் பேசினார். பள்ளத்தைப் பற்றிக் கேட்டதும் கொஞ்ச நேரம் சத்தமே இல்லை. கடைசியில் ஒரு வருஷப் பராமரிப்பு இலவசம் என்று ஒத்துக்கொண்டார். சங்கத்தில் இரண்டு பேர் இன்னும் முறைக்கிறார்கள். பெரியவர் மட்டும் கட்சி மாறிவிட்டார். "ஏரிக்கரையில எங்க இருக்கு இப்ப ஈச்ச மரம்? எல்லாம் இப்படி லாரி ஏறித்தானே போச்சு. இதாவது நம்ம கண் முன்னாடி நிக்கட்டும்" என்கிறார். கூடவே கலயம் கட்டலாமா என்றும் கேட்டார். தமிழ்நாட்டில் 1987இலிருந்து கள்ளுக்குத் தடை, என்னைப் பொருளாளர் பதவியோடு விட்டுவிடுங்கள் என்று சொல்லியிருக்கிறேன்.

பள்ளம் எண்ணும் வேலையைப் பிள்ளைகள் எடுத்துக்கொண்டார்கள். ஒவ்வொரு மரத்துக்கும் சாக்பீஸில் எண் போட்டாயிற்று. மூன்றாவது மரத்துக்கு 14, அதுதான் அதிகம். கோவில் பக்கத்து மரத்துக்கு 6. ரோட்டில் போகிறவர்களை நிறுத்தி, "இது பதினாலு வருஷம் கறந்த மரம்" என்று விளக்கம் சொல்கிறார்கள்.

இப்போது புதுச் சிக்கல். அண்ணா, பன்னிரண்டையும் பார்க்கச் சொன்னீர்கள் அல்லவா. பதினோராவது மரத்தில் ஒரு பள்ளம்கூட இல்லை. தலையும் மற்றதைப் போல நிறையவில்லை, கீழே நின்றால் வானம் தெரிகிறது. போன வார மழைக்குப் பிறகு தூரில் மண்ணைப் பிளந்துகொண்டு பச்சையாக இரண்டு வந்திருக்கிறது, ஈட்டி முனை மாதிரி. தோட்டக்காரர் களை என்று அரிவாளோடு வந்து நிற்கிறார்.

அல்அய்ன் தோட்டக்காரன்:

அரிவாளை வாங்கி உள்ளே வை தம்பி. முதலில் அதைச் செய்துவிட்டு வந்து மிச்சத்தை எழுது.